வெட்டி எடுத்த குடல்வால் எங்கே? அபூர்வக் குடல்வால் நோய்களைக் கண்டுபிடிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

கொங்குப் பக்கத்தில் வலது அடிவயிறு வலித்தால் முதல் நாள் அது சூட்டு வலி. இளநீரும் ஊறவைத்த வெந்தயமும் போதும். இரண்டாம் நாள் வாயுப் பிடிப்பு. மூன்றாம் நாள் குடலேற்றம், எண்ணெய் தடவி நீவிவிடுகிறவர் வீட்டுக்குப் பயணம். அதற்கும் அடங்காவிட்டால்தான் ஸ்கேன். ‘குடல்வால் (அப்பெண்டிக்ஸ்) வீங்கியிருக்குதுங்க’ என்று சொன்னதும் ஆபரேஷன், இரண்டொரு நாளில் வீடு, தையல் பிரித்ததும் மறதி. பெரும்பாலோருக்கு இது நல்லபடியாகவே முடிகிறது, ஏனென்றால் பெரும்பாலோருக்கு வந்தது சாதாரண அழற்சி.

மீதிப் பேருக்கு வந்தது வேறு. சளிநீர் தேங்கிப் பருத்த குடல்வால், ஹார்மோன் சுரக்கும் செல்களில் வரும் நியூரோஎண்டோகிரைன் கட்டி, புற்று, காசநோய், சுவரில் பை பிதுங்குதல், கர்ப்பப்பையின் உள்ளுறைத் திசு வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸ், புழு, அமீபா, குடலிறக்கப் பைக்குள் மாட்டிய குடல்வால், பழைய ஆபரேஷனில் விட்டுப்போன அடித்துண்டில் மறுபடி அழற்சி என்று பட்டியல் நீளம். இவற்றில் பல சாதாரண அழற்சியின் வேடத்திலேயே வரும். வெட்டி எடுத்த குடல்வால்களில் ஏறத்தாழ நூற்றில் ஒன்றில் ஏதாவதொரு கட்டி இருக்கிறது. அதில் பெரும்பகுதி ஆபரேஷனுக்கு முன்பு யாரும் சந்தேகிக்காதது. பயாப்ஸியில், அதாவது வெட்டிய திசுவை நுண்ணோக்கியில் பார்க்கும் சோதனையில், தெரிய வந்தது. அதனால் இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால், நேராக ஆறாம் படிக்குப் போங்கள்.

நோயாளியின் வீட்டாருக்கும், சிறிய நர்சிங் ஹோம்களில் வேலை செய்யும் செவிலியருக்கும், பயிற்சி டாக்டர்களுக்கும் பொதுவாக எழுதியது இது. வயிறு பலகை போல இறுகிவிட்டாலோ, நடுக்கத்தோடு காய்ச்சல் ஏறினாலோ, வலி திடீரென்று நின்று ஆள் சோர்ந்துபோனாலோ படித்துக்கொண்டிருக்க வேண்டாம், 108-ஐ அழையுங்கள். திடீரென நிற்கும் வலி, குடல்வால் ஓட்டையாகிவிட்டதன் அறிகுறியாக இருக்கலாம்.

முதல் படி: வலியின் கதையை ஒழுங்காகக் கேட்பது

சாதாரண அழற்சிக்கு ஒரு கடிகாரம் உண்டு. தொப்புளைச் சுற்றி மந்தமாகத் தொடங்கும். சாப்பாடு பிடிக்காது. பிறகு வாந்தி. பெரும்பாலும் 24 மணி நேரத்துக்குள் வலி வலது அடிவயிற்றுக்கு இறங்கி ஒரே இடத்தில் நிற்கும். காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்கும். இடுப்பெலும்பின் முன்முனையிலிருந்து தொப்புளுக்கு ஒரு கோடு இழுத்தால், முனையிலிருந்து மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் இருப்பது 1889-இல் சார்லஸ் மெக்பர்னி குறித்த புள்ளி. அங்கே அழுத்தினால் நோயாளி கையைத் தட்டிவிடுவார்.

அபூர்வ நோய்களைத் தேடுவது என்றால் இந்தக் கடிகாரம் எங்கே பிசகுகிறது என்று பார்ப்பதுதான். வயது 40-ஐத் தாண்டியவருக்கு முதல் முறையாகக் குடல்வால் வலி என்றால் கட்டியை மனதில் வைக்க வேண்டும். வாரக்கணக்கில் வந்துவந்து போகும் வலி, எடை குறைதல், மாலையில் எட்டிப்பார்க்கும் காய்ச்சல், இரவு வியர்வை இவை சேர்ந்தால் காசநோய். வலி தொப்புளில் தொடங்காமல் முதலிலிருந்தே வலது பக்கத்தில் இருந்து, வாந்தி இல்லாமல், நாலைந்து நாள் இழுத்தால் குடல்வால் சுவரில் பை பிதுங்கி அது அழன்றிருக்கலாம். இந்தப் பைகளின் சுவர் மெல்லியது, சாதாரண அழற்சியைவிட எளிதில் ஓட்டையாகும். வலி மந்தமாக இருப்பதாலேயே இங்கே தாமதமும் அதிகம்.

பெண்களிடம் மாதவிலக்குத் தேதியையும் வலி வந்த தேதிகளையும் எழுதி வாங்குங்கள். மூன்று மாதம் தொடர்ந்து இரண்டும் ஒட்டி வந்தால் எண்டோமெட்ரியோசிஸ் குடல்வாலைப் பிடித்திருக்கலாம். குழந்தை பெறும் வயதில் இருக்கிற யாருக்கும், கல்யாணம் ஆகாவிட்டாலும் சரி, சிறுநீரில் கர்ப்பப் பரிசோதனையை விடக்கூடாது. கருக்குழாயில் தங்கிய கரு வெடித்தால் சில மணி நேரத்திலேயே உயிர் போகலாம். கேட்கக் கூச்சம் என்பதற்காக இதை விட்டுவிடுவது தவறு. பெரியவர்களை வெளியே அனுப்பிவிட்டு, “பயப்படாத கண்ணு, எல்லாருக்கும் பண்ற டெஸ்ட்டுதான்” என்றால் முடிந்தது.

இரண்டு கேள்விகள் வழக்கமாக மறந்துபோகும். ஒன்று, தொடையிடுக்கில் வீக்கம் இருக்கிறதா? குடலிறக்கப் பைக்குள் குடல்வால் போய் அழன்றால் வயிற்றில் ஒன்றும் தெரியாது, தொடையிடுக்கு மட்டும் சிவந்து வலிக்கும். 1735-இல் லண்டனில் கிளாடியஸ் அம்யாண்ட் 11 வயதுப் பையனுக்குச் செய்தது இதே ஆபரேஷன்தான். விழுங்கிய குண்டூசி குடல்வாலைத் துளைத்திருந்தது. பதிவாகியுள்ள முதல் வெற்றிகரமான குடல்வால் அறுவையே இப்படி ஒரு அபூர்வ நோய்க்கு நடந்ததுதான் என்பது வேடிக்கை. இரண்டாவது கேள்வி, ஏற்கனவே குடல்வால் எடுத்தாயிற்றா? ‘எடுத்தாச்சுங்க’ என்ற பதிலில் விசாரணை நின்றுவிடக்கூடாது. அடித்துண்டு 5 மில்லிமீட்டருக்கு மேல் மிச்சமிருந்தால் பல வருஷம் கழித்தும் அதில் அழற்சி வரலாம். தழும்பைப் பார்த்தே எல்லாரும் வேறு காரணம் தேடப் போவதால் இது ஓட்டையான பிறகே பிடிபடுவது வழக்கம்.

நீவிவிடுவதைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடலாம். வலது அடிவயிற்றில் வலியோ கட்டியோ இருக்கும்போது எண்ணெய் போட்டு அழுத்தி நீவக்கூடாது, விளக்கெண்ணெய் குடித்துப் பேதிக்கும் போகக்கூடாது. சீழ்பிடித்த குடல்வால் அந்த அழுத்தத்தில் உடையலாம். சளிநீர் நிறைந்த குடல்வால் உடைந்தால் என்ன ஆகும் என்பது மூன்றாம் படியில் வருகிறது.

இரண்டாம் படி: ரத்தம், சிறுநீர்

முழு ரத்த எண்ணிக்கை, அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி., சிறுநீரகத்தைக் காட்டும் கிரியாட்டினின், சர்க்கரை, சிறுநீர்ப் பரிசோதனை. இவ்வளவு போதும். அறிகுறிகளுக்கும் ரத்த முடிவுக்கும் மதிப்பெண் போடும், 1986-இல் வந்த அல்வராடோ கணக்கை (மொத்தம் 10 மதிப்பெண்) இன்றும் பலர் போடுகிறார்கள், நல்ல பழக்கம். ஆனால் அந்தக் கணக்கு அழற்சி இருக்குமா என்று மட்டுமே சொல்லும், அழற்சி எதனால் என்று சொல்லாது. கட்டி குடல்வாலின் வாயை அடைத்து அழற்சி வந்தாலும் அதே 8, அதே 9 தான்.

கவனிக்க வேண்டியது பொருந்தாமையை. ஸ்கேனில் குடல்வால் கட்டைவிரல் பருமன், வெள்ளணுவும் சி.ஆர்.பி.யும் சுத்தமாக நார்மல் என்றால் அது அழற்சி அல்ல, சளிநீர்க் கட்டியாக இருக்கலாம். நடுவயதுக்காரருக்கு ஹீமோகுளோபின் காரணமில்லாமல் 8, 9 என்று கிடந்தால் பெருங்குடலின் தொடக்கத்தில் புற்று இருந்து அது குடல்வாலை அடைத்திருக்கலாம். இயோசினோபில் என்ற வகை வெள்ளணு ஏறியிருந்தால் புழுவாக இருக்கலாம்.

சி.இ.ஏ. போன்ற கட்டிக் குறிப்பான்களை எல்லாருக்கும் எடுப்பது வீண் செலவு. ஸ்கேனில் சந்தேகம் வந்தபின் எடுத்தால், பின்னாளில் ஒப்பிட ஓர் அளவு கிடைக்கும். நியூரோஎண்டோகிரைன் கட்டி சுரக்கும் செரோடோனினின் கழிவைத் தேடும் 5-எச்.ஐ.ஏ.ஏ. பரிசோதனை (24 மணி நேரச் சிறுநீரில்), முகம் சிவந்து சூடாகி வயிற்றுப்போக்கும் இருப்பவருக்கு மட்டும். அதற்கு மூன்று நாள் முன்பிருந்து வாழைப்பழம், அன்னாசி, தக்காளி கூடாது. கதலியும் ரஸ்தாளியும் வீட்டில் தொங்கும் ஊரில் இதைச் சொல்லி அனுப்பாவிட்டால் முடிவு பொய்யாக ஏறி வரும். லேபில் கொடுக்கும் கேனில் அமிலம் ஊற்றியிருந்தால் அதைக் கழுவிக் கொட்டிவிடக் கூடாது.

மூன்றாம் படி: ஸ்கேன்

அல்ட்ராசவுண்டில் 6 மில்லிமீட்டருக்கு மேல் பருத்து, அழுத்தினாலும் நசுங்காத குடல்வால் என்றால் அழற்சி. 15 மில்லிமீட்டரைத் தாண்டினால் வேறு கேள்வி கேட்க வேண்டும். உள்ளே வெங்காயத்தை நறுக்கியது போல அடுக்கடுக்காகத் தெரிந்தால் அது சளிநீர்க் கட்டிக்கே உரிய அடையாளம். பெண்களுக்கு இதே கட்டி வலது சினைப்பைக் கட்டியைப் போலத் தோன்றும். சினைப்பைக் கட்டி என்று சீட்டு எழுதும் முன், சினைப்பை தனியாகத் தெரிகிறதா என்று கேளுங்கள்.

ரிப்போர்ட்டில் ‘அப்பெண்டிக்ஸ் தென்படவில்லை’ என்று இருந்தால் அதற்கு ‘நார்மல்’ என்று பொருள் இல்லை. வாயு மறைத்திருக்கலாம், பெருங்குடலுக்குப் பின்னால் ஒளிந்திருக்கலாம். அடுத்த படி சி.டி. அதிலும் நரம்பில் மருந்து ஏற்றி எடுக்கும் சி.டி.; மருந்தில்லாத சி.டி. சிறுநீரகக் கல்லைக் காட்டும், கட்டியின் சுவரைச் சரியாகக் காட்டாது. கிரியாட்டினின் முடிவைக் கையோடு கொண்டுபோங்கள், சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மின் சாப்பிடுபவர் முன்கூட்டியே சொல்ல வேண்டும். கர்ப்பிணிக்கு சி.டி.க்குப் பதில் அல்ட்ராசவுண்ட், அது போதாவிட்டால் மருந்து ஏற்றாத எம்.ஆர்.ஐ. மாதம் ஏற ஏறக் கர்ப்பப்பை குடல்வாலை மேலே தள்ளும் என்பதால் வலி விலாவுக்குக் கீழேகூட வரலாம்.

சி.டி. கேட்டு எழுதும் சீட்டில் ‘வலது அடிவயிற்று வலி’ என்று மட்டும் எழுதினால் பதிலும் அவ்வளவுதான் வரும். என்ன சந்தேகம் என்று எழுத வேண்டும்: குடல்வாலின் அதிகபட்சப் பருமன் எவ்வளவு, அடிப்பகுதி சுத்தமாக இருக்கிறதா, சுவரில் வளைகோடாகச் சுண்ணாம்பு படிந்திருக்கிறதா, சுவர் ஓரிடத்தில் மட்டும் தடித்து முடிச்சாக இருக்கிறதா, வயிற்றுக்குள் நீர் உண்டா, கல்லீரலின் விளிம்பு கடித்தெடுத்தது போலக் குழிந்திருக்கிறதா, நெறிக்கட்டிகளின் நடு கறுத்திருக்கிறதா. சுண்ணாம்பு சளிநீர்க் கட்டியின் பக்கம் சாயும். முடிச்சுத் தடிப்பு புற்றை நோக்கி. கல்லீரல் விளிம்பில் குழிவு என்றால் சளி ஏற்கனவே வயிறெங்கும் பரவியிருக்கிறது. நடு கறுத்த நெறிக்கட்டியும், சிறுகுடலும் பெருங்குடலும் சேரும் இடத்தில் தடிப்பும் காசநோயை நினைவூட்டும். பிலிமோடு நிற்காமல் சி.டி.யை டிஸ்க்கில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வேறு மருத்துவமனையில் மறுபடி எடுக்கும் செலவு மிஞ்சும்.

சளிநீர்க் கட்டி என்று சந்தேகம் வந்தால் ஊசி போட்டு எடுத்துப் பார்க்கும் எண்ணமே வேண்டாம். உள்ளே இருக்கும் ஜெல்லி கசிந்தால், அதிலுள்ள செல்கள் வயிற்றின் உள்ளுறை முழுக்க ஒட்டி வளரும். வயிறு மாதக்கணக்கில் மெல்ல உப்பும். ‘தொப்பை போட்டுடுச்சு’ என்றும், கல்லீரல் கெட்டு நீர் கோத்தது என்றும் நினைத்து நாள் ஓடும். உறிஞ்சி எடுக்கப் போனால் ஊசியில் வராத அளவுக்குக் கெட்டியாக இருக்கும். இதுவே சூடோமிக்சோமா பெரிட்டோனி. பல மணி நேர ஆபரேஷனும், சூடாக்கிய புற்றுநோய் மருந்தால் வயிற்றை உள்ளே கழுவும் ஹைபெக் சிகிச்சையும் தேவைப்படும் நிலை.

நான்காம் படி: கொலோனோஸ்கோபி, யாருக்கு, எப்போது

ஆசனவாய் வழியே கேமராக் குழாய் விட்டுப் பெருங்குடலைப் பார்ப்பது இது. அவசர ஆபரேஷன் தேவைப்படும் நேரத்தில் கிடையாது. இரண்டு சூழலில் வேண்டும். ஆபரேஷன் அவசரமில்லாத நேரத்தில் கட்டியோ காசநோயோ சந்தேகம் வந்தால் ஒன்று. குடல்வால் கட்டிபோல் திரண்டு, ஆன்டிபயாடிக் மட்டும் கொடுத்து அடக்கப்பட்ட 40 வயதைத் தாண்டியவர்கள் மற்றொன்று. அவர்களுக்கு 6 முதல் 8 வாரத்தில் கொலோனோஸ்கோபியும் சி.டி.யும் செய்தாக வேண்டும்.

இந்த இரண்டாவது கூட்டம்தான் கை நழுவிப் போகிறது. வலி அடங்கியதும், “இப்ப ஒண்ணும் இல்லீங்க, நோம்பி முடிஞ்சு வர்றோம்” என்பார்கள். நோம்பி முடியும், அடுத்து மஞ்சள் வெட்டு, அடுத்து கல்யாணச் சீர். டிஸ்சார்ஜ் சீட்டில் ‘மறுபரிசோதனைக்கு வரவும்’ என்று எழுதினால் போதாது; தேதியும், எதற்காக என்பதும் எழுத வேண்டும். பின்லாந்தில் இப்படி அடக்கப்பட்ட குடல்வால்களை வைத்து நடந்து 2019-இல் வெளியான ஆய்வில் 40 வயதுக்கு மேற்பட்டோரிடம் கட்டிகள் எதிர்பார்த்ததைவிட மிக அதிகமாக இருந்ததால் ஆய்வையே பாதியில் நிறுத்த வேண்டியதாயிற்று.

கொலோனோஸ்கோபியில் குடல்வாலின் வாய் எரிமலை வாய்போல மேடாகி நடுவில் குழிந்திருந்தால் சளிநீர்க் கட்டி. காசநோய் சந்தேகமென்றால் எடுக்கும் துணுக்குகளில் பாதியைத் திசுவைப் பதப்படுத்தும் பார்மலினிலும் பாதியை வெறும் சலைனிலும் (உப்புநீர்) போட வேண்டும். காரணம் ஆறாம் படியில்.

ஐந்தாம் படி: ஆபரேஷன் மேஜையில்

வயிற்றில் சிறு துளை வழியே விடும் கேமராக் குழாயான லேப்ராஸ்கோப் உள்ளே போனதும் குடல்வாலைப் பிடிப்பதற்கு முன் ஒரு சுற்றுப் பார்வை: கல்லீரல் மேற்பரப்பு, குடலை மூடிய கொழுப்புத்திரை, இரு சினைப்பைகள், கூபகம் (இடுப்புக்குழி). காசநோய் என்றால் தினை போன்ற வெள்ளைப் புள்ளிகள் தெரியும், ஜெல்லி என்றால் பளபளக்கும். எதுவாக இருந்தாலும் படம் எடுத்துவைத்து, மாதிரியும் எடுக்க வேண்டும்.

குடல்வால் பருத்து வழவழப்பாக, அழற்சியின் சிவப்பில்லாமல் இருந்தால் நேராக இடுக்கியால் பிடிக்காமல் அதைக் குடலோடு இணைக்கும் கொழுப்பு மடிப்பைப் பிடித்துத் தூக்குவதே முறை. அந்த மடிப்பையும் சேர்த்து வெட்டி, பைக்குள் போட்டே வெளியே எடுக்க வேண்டும்; துளை வழியாக உருவினால் அங்கேயே உடையும். பாதுகாப்பாக வராது என்று பட்டால் வயிற்றைத் திறந்து செய்வது தோல்வி ஆகாது. ஏற்கனவே ஜெல்லி பரவியிருந்தால் மாதிரி எடுத்து, முடிந்தால் குடல்வாலை மட்டும் நீக்கி, அங்கேயே நிறுத்தி, பெரிய மையத்துக்கு அனுப்புவதே நோயாளிக்கு நல்லது. அந்த இடத்திலேயே பெருங்குடலில் பாதியை எடுத்தால் பிற்பாடு செய்ய வேண்டிய பெரிய ஆபரேஷன் சிக்கலாகும்.

மாறாக, குடல்வால் நல்லபடியாக இருந்து வலிக்கு வேறு காரணம் தேட வேண்டியிருந்தால் சிறுகுடலை முடிவிலிருந்து இரண்டடி தூரம் பின்னோக்கி ஓட்டிப் பார்க்க வேண்டும். சிலருக்குப் பிறவியிலேயே சிறுகுடலில் பிதுங்கியிருக்கும் மெக்கல் பை பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

ஆறாம் படி: பாட்டில்

வெட்டிய குடல்வாலை ட்ரேயில் வைத்து வீட்டாரிடம் காட்டுவார்கள். ‘இதுதானுங்க’ என்று போட்டோ எடுப்பார்கள். அப்புறம் அது எங்கே போகிறது? சில இடங்களில் செலவு மிச்சம் என்று குப்பைக்கு. அதைத் தடுக்க வேண்டியது நீங்கள். ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போடும்போதே, “பயாப்ஸிக்கு அனுப்பிடுவீங்களாங்க? ரிப்போர்ட் எந்த லேப்ல வாங்கணும்?” என்று கேட்டுவிடுங்கள். மொத்த ஆபரேஷன் செலவோடு பார்த்தால் பயாப்ஸிக் கட்டணம் சிறு தொகைதான்.

பாட்டில் அகல வாயாக இருக்க வேண்டும். 10 சதவீதப் பார்மலின், உறுப்பின் கன அளவைப்போல் 10 மடங்கு. கால் பாட்டில் பார்மலினில் பெரிய குடல்வாலைத் திணித்தால் வெளிப்புறம் மட்டும் பதமாகி உள்ளே அழுகும். அழுகிய திசுவில் யாராலும் ஒன்றும் சொல்ல முடியாது. ஸ்பிரிட், டெட்டால், ஐஸ் தண்ணீர் எதுவும் பார்மலினுக்கு ஈடாகாது. பெயர், வயது, மருத்துவமனை எண், தேதி பாட்டிலின் உடலில் ஒட்ட வேண்டும். மூடியில் ஒட்டினால் மூடி மாறும்போது நோயாளியும் மாறிவிடுவார். கூட வரும் படிவத்தில் ஸ்கேன் முடிவும், ஆபரேஷனில் கண்டதும் இரண்டு வரி.

காசநோய் சந்தேகமென்றால் ஒரு துண்டு தனியாக, பார்மலின் தொடாமல், கிருமி நீக்கிய சலைனில், ஐஸ் பெட்டியில், அன்றே காசநோய்க் கிருமியின் மரபணுவைத் தேடும் சிபிநாட் பரிசோதனைக்கும் வளர்ப்புச் சோதனைக்கும் போக வேண்டும். பார்மலினில் ஒருமுறை விழுந்துவிட்டால் கிருமி வளராது. முழுவதையும் பார்மலினில் போட்டுவிட்டு, பிறகு ‘கல்ச்சர் பண்ண முடியுமா’ என்று கேட்பது இந்தத் துறையில் அடிக்கடி நடக்கும் தவறு.

லேபில் நுனியை நெடுக்காகப் பிளந்தும், அடிவெட்டையும், நடுத்துண்டுகளையும் எடுத்துப் பார்ப்பார்கள். நியூரோஎண்டோகிரைன் கட்டி பெரும்பாலும் நுனியில்தான் உட்கார்ந்திருக்கும், அதனால் நுனியை விட்டால் நோயையே விட்டதாகும். சளிநீர்க் கட்டி என்றாலோ, சுவரில் பை பிதுங்கியிருந்தாலோ குடல்வால் முழுவதையும் துண்டு போட்டுப் பார்க்கும்படி கேட்க வேண்டும்.

கோவை, பெருந்துறை, சேலம், திருப்பூர், நாமக்கல், கரூர் அரசு மருத்துவக் கல்லூரிகளில் எல்லாம் நோய்க்குறியியல் துறை இருக்கிறது. சிறிய ஊரில் ஆபரேஷன் நடந்தாலும் பாட்டில் பயணப்படலாம்.

ஏழாம் படி: ரிப்போர்ட்டைப் படிப்பது

‘நார்த்திசு அடைப்பு’ என்றால் பயப்பட ஒன்றுமில்லை, வயதாகும்போது வருவது. ‘நூல்புழு’ என்றால் அல்பெண்டசோல் 400 மில்லிகிராம் ஒரு முறை, இரண்டு வாரம் கழித்து மறுபடி, வீட்டில் இருக்கிற எல்லாருக்கும் (கர்ப்பிணிக்கும் கைக்குழந்தைக்கும் டாக்டரைக் கேட்டே). அமீபா தெரிந்தால் மெட்ரோனிடசோலோடு, குடலுக்குள் மிச்சமிருப்பதைக் கொல்லும் இரண்டாவது மருந்தும் வேண்டும். முதலாவதோடு நிறுத்திவிடுவது வழக்கமான குறை.

‘கிரானுலோமா’ (தற்காப்புச் செல்கள் திரண்ட சிறு முடிச்சு) என்ற சொல்லில்தான் நிதானம் தேவை. நடுவில் பாலாடைக்கட்டிபோல் சிதைந்த கிரானுலோமா காசநோய்ப் பக்கம் சாயும். சிதைவில்லாதது கிரோன் நோயாகவும் (நாள்பட்ட குடல் அழற்சி நோய்) இருக்கலாம். ஆன்டிபயாடிக்கில் அடக்கி வாரக்கணக்கில் தாமதித்து எடுத்த குடல்வாலில் எந்த நோயும் இல்லாமலே கிரானுலோமா வரும். ஆகவே அந்த ஒரு சொல்லை வைத்து உடனே காசநோய் மாத்திரை தொடங்கக்கூடாது. சிபிநாட், மார்பு எக்ஸ்ரே, கொலோனோஸ்கோபி பார்த்து முடிவெடுக்க வேண்டும். காசநோய் என்றாலே பெருந்துறை சானடோரியமும் இருமலும்தான் நம் நினைவுக்கு வரும். வயிற்றுக் காசநோய்க்காரர் ஒரு தடவைகூட இருமாமல் இருக்கலாம். உறுதியானால் அரசுத் திட்டத்தில் மருந்து இலவசம், வழக்கமாக 6 மாதம். சத்துணவுக்கு மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் வரும்.

நியூரோஎண்டோகிரைன் கட்டியில் அளவே பேசும். 1 சென்டிமீட்டருக்குள், முழுவதும் வெளியே வந்துவிட்டது என்றால் அநேகமாக அதோடு சரி. 2 சென்டிமீட்டருக்கு மேல் என்றால் வலது பெருங்குடலை நீக்கும் ஆபரேஷன். இடைப்பட்ட அளவில் அடிவெட்டு சுத்தமா, குடல்வாலைக் குடலோடு இணைக்கும் கொழுப்பு மடிப்புக்குள் 3 மில்லிமீட்டருக்கு மேல் ஊடுருவியதா, செல்கள் பெருகும் வேகத்தைக் காட்டும் கி-67 எத்தனை சதவீதம் (3-க்குக் கீழே முதல் தரம், 20 வரை இரண்டாம் தரம்) என்று பார்த்து முடிவு. ‘கோப்லட் செல்’ என்று இருந்தால் கதை வேறு. முன்பு இதைக் கார்சினாய்டு (நியூரோஎண்டோகிரைன் கட்டியின் பழைய பெயர்) வகையில் சேர்த்திருந்தார்கள். 2019-இலிருந்து உலக சுகாதார நிறுவன வகைப்பாட்டில் இது புற்றாகவே எண்ணப்படுகிறது. பழைய பெயரைப் பார்த்து ‘சாதுவான கட்டி’ என்று சும்மா இருந்துவிடக்கூடாது.

சளிநீர்க் கட்டி ரிப்போர்ட்டில் மூன்று கேள்விகளுக்குப் பதில் இருக்க வேண்டும்: குடல்வால் உடைந்திருந்ததா, வெளியே சளி உண்டா, அந்தச் சளியில் செல்கள் உண்டா. பதில் இல்லாவிட்டால் திரும்பக் கேளுங்கள். சளி வெளியேறாத, தாழ்ந்த தரக் கட்டி என்றால் குடல்வாலை எடுத்ததே சிகிச்சை, அதன்பின் சி.டி. வைத்துக் கண்காணிப்பு.

புற்று, கோப்லட் செல், வெளியே கசிந்த சளி, இந்த மூன்றில் எது வந்தாலும் வேறொரு நோய்க்குறியியல் நிபுணரிடம் இரண்டாம் கருத்து வாங்குவது வழக்கமான நடைமுறைதான். முதல் டாக்டரை அவமதித்ததாகாது. தகுதியுள்ள குடும்பத்துக்கு முதல்வர் காப்பீட்டுத் திட்டத்தில் வருஷத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை வழி இருக்கிறது. அனுப்பும் இடம் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று முன்பே விசாரியுங்கள். லேபிலிருந்து கண்ணாடிச் சில்லுகளோடு (ஸ்லைடு) திசுவைப் பதித்த மெழுகுக் கட்டைகளையும் எழுதிக் கொடுத்து வாங்கிக்கொள்ளுங்கள். சில்லு மட்டும் இருந்தால் புதிய சாயச் சோதனைகள் செய்வது கடினம். மெழுகு என்பதால் சித்திரை வெயிலில் பூட்டிய காரிலோ பைக் பெட்டியிலோ வைத்துவிட்டுச் சாப்பிடப் போகாமல் கைப்பையிலேயே வைத்திருங்கள்.